கதீட்ரல்: ஆயரின் கதிரை இருக்கும் கோவில்

கதீட்ரல் என்றால் பெரிய சர்ச் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அளவுக்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தமில்லை. ரோமில் உலகமே திரண்டு பார்க்கும் புனித பேதுரு ஆலயம் கதீட்ரல் அல்ல. ரோமின் ஆயர் (பிஷப்) என்ற முறையில் திருத்தந்தைக்கு (போப்புக்கு) உரிய கதீட்ரல், அதே நகரில் உள்ள லாத்தரன் யோவான் ஆலயம்.

கிரேக்கத்தில் 'கதெத்ரா' என்றால் இருக்கை. லத்தீன் அதைக் கடன் வாங்கி, ஆசிரியரும் ஆயரும் அமர்ந்து போதிக்கும் இருக்கைக்கு வழங்கியது. அது உள்ள கோவில் 'எக்ளேசியா கதெத்ராலிஸ்'. நாளடைவில் 'எக்ளேசியா' உதிர்ந்துபோக, அடைமொழியே பெயராக நின்றது. இதே கதெத்ரா போர்த்துக்கீசியத்தில் 'கதெய்ரா' ஆகி, அங்கிருந்து ஈழத்துப் பேச்சில் 'கதிரை' ஆயிற்று. யாழ்ப்பாணத்து விறாந்தையில் கிடக்கும் கதிரைக்கும் கதீட்ரலுக்கும் வேர் ஒன்றே!

பிரான்சில் ஷார்த்ர் நகரத்துக் கதீட்ரலுக்குப் போகிறவர்கள் ஆயரின் இருக்கையைத் தேடுவதில்லை. அண்ணாந்து கண்ணாடிச் சன்னல்களைத்தான் பார்க்கிறார்கள். 1194இல் தீ பழைய கோவிலின் பெரும்பகுதியைத் தின்றது. மேற்கு வாசல் சிற்பங்கள் தப்பின. நீல ஆடை அணிந்த மரியன்னையின் சன்னல் ஓவியமும் தப்பி, புதிய கோவிலில் இடம்பிடித்தது. 13ஆம் நூற்றாண்டுச் சன்னல்களின் அடிப்பகுதியைக் கவனியுங்கள்: ரொட்டி சுடுபவர், செருப்புத் தைப்பவர், தோல் வியாபாரி எனப் புனிதர்களின் காலடியில் ஊர்ச்சனம். அவர்களே பணம் கொடுத்தார்கள் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஆய்வாளர்களிடையே இப்போது அதில் ஒருமித்த கருத்து இல்லை. தரையில் சுமார் 13 மீட்டர் விட்டத்தில் வட்டப் புதிர்ப்பாதை ஒன்றும் உண்டு. பல நாள்களில் அதை மறைத்துக் கிடப்பவை, வேடிக்கைதான், கதிரைகள்.

தமிழில் 'பேராலயம்' என்கிறோம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் திருத்தந்தை சிறப்புத் தகுதி அளித்த ஆலயமான பசிலிக்காவுக்கும் அதே சொல்லைப் போட்டுவிடுகிறோம். வேளாங்கண்ணி 1962இல் பசிலிக்கா ஆனது. அது கதீட்ரல் அல்ல. அது அடங்கிய மறைமாவட்டத்தின் (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள பகுதியின்) கதீட்ரல் தஞ்சாவூரில் இருக்கிறது. மறைமாவட்டத்துக்கு முன்பு வழங்கிய 'மேற்றிராசனம்' என்ற சொல்லிலாவது ஆசனம் இருந்தது. துல்லியம் வேண்டும் இடத்தில் கதீட்ரலை 'மறைமாவட்டத் தலைமைக் கோவில்' என்றே எழுதலாம். நீளம்தான், குழப்பமில்லை. பசிலிக்காவுக்குப் 'பெருங்கோவில்' போதும். சென்னை சாந்தோம் ஆலயத்துக்கு இரண்டு பெயரும் பொருந்தும்.