20 ஃபிரேம் தள்ளி நிற்கும் குரல்

ஷேக்ஸ்பியரின் நகைச்சுவை நாடகமான ‘த டேமிங் ஆஃப் த ஷ்ரூ’வை, மேரி பிக்ஃபோர்டும் அவர் கணவர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸும் நடிக்க, சாம் டெய்லர் 1929-இல் பேசும்படமாக இயக்கினார். 1966-இல் அது மறுவெளியீடு கண்டபோது புதிய இசை சேர்க்கப்பட்டது. சில நிமிடக் காட்சிகள் நீக்கப்பட்டன. இன்றைய ஆவணக்காப்பாளர் ஒருவர் இதைச் சீரமைப்பு என்று அழைக்கத் தயங்குவார். பழைய படத்தில் இருந்ததை மீட்பதற்கும் இல்லாததைச் சேர்ப்பதற்கும் இடையிலுள்ள எல்லை, ஒலியில்தான் மிக எளிதாக அழிந்துபோகிறது.

படச்சுருளிலேயே ஒலி பதிந்த படங்களில், அது ஓரத்தில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு தடமாக ஓடும். விளக்கொளி அதை ஊடுருவி ஒளிமின்கலத்தில் விழ, தடத்தின் கருமையோ அகலமோ மாறுவதற்கேற்ப மின்னோட்டம் மாறி, ஒலிபெருக்கியில் குரலாகிறது. குரல் எது, தூசி எது என்று ஒளிமின்கலத்துக்குத் தெரியாது. ஒட்டியிருக்கும் துகள் ‘டப்’பென்று வெடிக்கும், படச்சுருளின் நுண்ணிய வெள்ளித் துகள்கள் இடையறாத இரைச்சலாகக் கேட்கும். அந்த இரைச்சலைக் கணினியில் அளவுக்கு மீறி வடிகட்டினால் ‘ஸ’, ‘ஷ’ போன்ற உரசொலிகளும் உடன் போய்விடும். வசனமே உயிரான நாடகத்தில் அது பெரிய இழப்பு என்பதால், சிறிது இரைச்சலை விட்டுவைப்பதே நல்லது என்பது என் கருத்து.

அறுந்த சுருளை வெட்டி இணைத்த ஒட்டு விழுந்த இடங்கள் இன்னும் விசித்திரமானவை. புரொஜெக்டர் லென்ஸின் முன் படம் ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது தனித்தனிப் படக்கட்டமாக, நின்று நின்று நகர வேண்டும். ஒலித்தடமோ தங்குதடையின்றி ஓட வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் நடக்க முடியாதாகையால், 35 மில்லிமீட்டர் சுருளில் ஒரு ஃபிரேமுக்குரிய ஒலி, அதற்கு 20 ஃபிரேம் முன்னதாகவே பதிக்கப்படுகிறது. கிழிந்த பகுதியை வெட்டி ஒட்டும்போது படம் அங்கே தாவும். ஆனால் அறுபடும் சொல்லோ, வினாடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில், முக்கால் வினாடிக்குச் சற்று மேல் கழித்து வரவேண்டியது. கேள்விக்குச் சுடச்சுடப் பதில் வரும் காட்சியில் அந்தப் பதிலே விழுங்கப்படலாம். வேறொரு பிரதியில் அது பிழைத்திருந்தால், அங்கிருந்து எடுத்து, இரண்டின் ஓசைத்தன்மையையும் இசைவித்துப் பொருத்துவார்கள்.

படத்துக்கும் இதே கவனம் தேவை. அடங்காத பெண்ணாக வரும் நாயகி கேத்தரின் (பிக்ஃபோர்ட்), இறுதியில் மனைவியின் பணிவைப் போற்றிப் பேசும்போது, தன் தங்கையை நோக்கிக் கண்சிமிட்டுகிறாள். அதனால் அந்தப் பேச்சின் பொருள் முழுவதும் தலைகீழாகிவிடுகிறது. கண்சிமிட்டல் பத்து ஃபிரேமுக்குள் முடிந்துவிடக்கூடியது. அவ்விடத்தில் ஓர் ஒட்டு விழுந்திருந்தால், அவள் உண்மையாகவே அடங்கிவிட்டாள் என்றுதான் பார்ப்பவர் நம்பியிருப்பார்.