கழிவு ஒயிலை டீசல் தாங்கியில் ஊற்றுமுன்

திருகோணமலையில் டீசல் பம்ப், இஞ்ஜினுக்குள் டீசலைச் சீறவிடுகிற இன்ஜெக்டர் இரண்டையும் திருத்துவது என் தொழில். வயல் வேலை தொடங்கினால் தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து லேண்ட்மாஸ்டர்கள் (இரண்டு சில்லுக் கை உழவு இயந்திரங்கள்) வரும், இடையிடையே படகு இஞ்ஜின்களும். பம்பைக் கழற்றினால் சிலவற்றில் உள்ளெல்லாம் கறுப்புப் படலம், இன்ஜெக்டரின் நொசில் நுனியில் கரி இறுகிப்போயிருக்கும். கேட்டால் முதலில் "பெற்றோல் செட்டில் கலப்படம்" என்பார்கள், கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால்தான் "பழைய இஞ்ஜின் ஒயில்தான் தம்பி, துணியால் நல்லா வடிச்சுத்தானே ஊத்தினேன்" என்று உண்மை வரும்.

2022 ஜூனில் டீசல் லீட்டர் 460 ரூபாயானது, ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. சீனக்குடாவில் அத்தனை எண்ணெய்க் குதங்களை வைத்துக்கொண்டு நாங்கள் கியூவில் கிடந்தோம். அந்த நேரம் கையில் கிடைத்ததை ஊற்றியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். இப்போதும் அதைத் தொடர்கிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

வடித்தால் போதும் என்ற நம்பிக்கைதான் முதல் பிழை. நானா, அந்தக் கரி துணியில் நிற்காது! இஞ்ஜின் ஒயிலிலேயே கரியை அடியில் படியவிடாமல் மிதக்கவைக்கும் மருந்து கலந்திருக்கிறது, அது இருந்தால்தான் இஞ்ஜினுக்குள் சேறு கட்டாது. அதனால் பரலில் மாதக்கணக்கில் வைத்தாலும் ஒயில் கறுப்பாகவே இருக்கும். கரித்துகள் ஒரு மைக்ரோனுக்கும் குறைவு, நல்ல டீசல் பில்டரே 5, 10 மைக்ரோன் அளவில்தான் பிடிக்கும், பம்புக்குள் டீசலைத் தள்ளுகிற பிளஞ்சருக்கும் அது ஓடுகிற குழலுக்கும் இடைவெளியோ வெறும் 2, 3 மைக்ரோன். அந்த இடைவெளிக்குள் கரியும் உலோகத் தூளும் ஓடி உரசினால் அழுத்தம் போய்விடும், சூட்டில் ஸ்டார்ட் எடுக்காது, புகை தள்ளும். அப்புறம் கல்சியம், சிங்க் போன்ற சேர்மானங்கள். எரியவே எரியாமல் சாம்பலாகி வால்விலும் நொசிலிலும் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலான கராஜ் பரல்களில் பிரேக் ஒயிலும் ரேடியேட்டர் தண்ணீரும் சேர்ந்தே கிடக்கும் என்பதையும் மறக்கவேண்டாம். கொமன் ரெயில் என்கிற உயர் அழுத்த முறையுள்ள புது வாகனம் என்றால் பேச்சே இல்லை, 1,600 பாருக்கு மேல் அழுத்தத்தில் வேலை செய்கிற இன்ஜெக்டரை மாற்றுகிற செலவில் எத்தனையோ தாங்கி டீசல் அடிக்கலாம்.

வீடியோ பார்த்துப் பழைய காஸ் சிலிண்டரில் ஒயிலைக் காய்ச்சி வடிக்கப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 350 பாகைக்கு மேல் சூடேறினால் ஒயில் உடைந்து பெற்றோல் மாதிரியான இலேசான ஆவியும் வரும், வெளியே கசிந்தால் அடுப்பு நெருப்பே போதும். ஒன்றும் நடக்காமல் முடிந்தாலும் கிடைப்பது டீசலின் நிறத்தில் இருக்கிற, எளிதில் பற்றிக்கொள்கிற ஒரு கலவைதான்.

பொரித்த எண்ணெயின் கதை வேறு. 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இஞ்ஜினைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் அப்படியே ஊற்றக் கூடாது. 40 பாகைச் சூட்டில் டீசலின் பிசுபிசுப்பு 2 முதல் 4.5 அலகு, சமையல் எண்ணெய்க்கு 35ஐத் தாண்டும், அதனால் சரியாகச் சீறாமல் நொசிலிலும் பிஸ்டன் ரிங்கிலும் கரியாகிறது. பயோடீசல் ஆக்கினால் 4, 5க்கு இறங்கிவிடும், அது உண்மையிலேயே நல்ல எரிபொருள். 100 லீட்டர் எண்ணெய்க்கு 20 லீட்டர் அளவு மெதனோல், அதில் கரைத்த கொஸ்டிக் சோடா, 55 முதல் 60 பாகைச் சூடு, கிளிசரினைப் பிரித்து, கழுவி, உலர்த்தவேண்டும். எண்ணெயில் தண்ணீர் இருந்தால், கொஸ்டிக் அளவு பிழைத்தால், சவர்க்காரம்தான் மிஞ்சும்.

எனக்குப் பயம் மெதனோலில். கசிப்புக் குடித்துக் கண் போன கதைகள் கேட்டிருப்பீர்களே, அதுதான் இது. தோலாலும் மூச்சாலும்கூட உடம்பில் ஏறும். 65 பாகையில் கொதிக்கிறது, நம் ஊர் வெயிலில் சும்மா வைத்தாலே பற்றக்கூடிய ஆவி விடும், பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலை கண்ணுக்கே தெரியாது. வீட்டுக் குசினியில், காஸ் அடுப்பில், பிள்ளைகள் ஓடித்திரிகிற இடத்தில் செய்கிற வேலை இல்லை. ஒழுங்காகச் செய்கிற ஆளிடம் பயோடீசல் வாங்குகிறீர்கள் என்றால் பழைய வாகனத்தின் ரப்பர் குழாய்களைப் பாருங்கள், ஊதிப்போகும். தாங்கியில் படிந்த அழுக்கையும் அது கழற்றிவிடும் என்பதால் முதல் சில தாங்கிகளுக்கு மேலதிக பில்டர் கையில் இருக்கட்டும்.

படகுக்காரருக்குத் தனியாக ஒன்று: வாடைக்காற்றில் இஞ்ஜின் நின்றால் கடலில் தள்ளிவிட ஆளில்லை. கடலுக்குப் போகிற தாங்கியில் இந்தச் சோதனைகள் எதுவும் வேண்டாம்.

கறுத்த ஒயிலை வடிகானிலும் ஊற்றவேண்டாம். மூடிய பரலில் தனியாகச் சேர்த்து, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உள்ள சேகரிப்பாளரிடம் கொடுங்கள். சீமெந்துச் சூளையின் 1,400 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் அதை ஒழுங்காக எரிக்க முடியும், உங்கள் லேண்ட்மாஸ்டரில் முடியாது.

சரி, ஏற்கனவே ஊற்றியாகிவிட்டதா? இனி ஸ்டார்ட் பண்ணவேண்டாம். தாங்கியில் உள்ளதை முழுதாக வடித்து, நல்ல டீசலால் அலசி, பில்டரை மாற்றி, டீசல் குழாயில் நிற்கிற காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். அதன் பிறகும் புகை தள்ளினால் நொசிலைக் கழற்றிக் கொண்டுவாருங்கள், கம்பியால் குத்திச் சுத்தம் செய்யவேண்டாம்.