ஒரு கை பார்த்தார் என்றால் யாரை?

“நாவல்களால் புகழ்பெற்ற அவர், பிற்காலத்தில் நாடகத்தையும் ஒரு கை பார்த்தார்.”

மொழிபெயர்க்கப்பட்ட வாழ்க்கைக் குறிப்பு ஒன்றில் இந்த வரியைப் படித்ததும் எனக்கு நாடகத்தின்மேல் இரக்கமாகிவிட்டது. பாவம், என்ன தப்பு செய்ததோ! மூலத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை: ‘ட்ரை ஒன்ஸ் ஹேண்ட் அட்’. பழக்கமில்லாத ஒன்றை முதன்முறையாகச் செய்து பார்ப்பதைச் சொல்லும் ஆங்கில மரபுத்தொடர். அதற்கு ‘ஒரு கை பார்த்தல்’ என்பதை நான் பார்ப்பது இது முதல் தடவை என்றால் பேசாமல் போயிருப்பேன். வசன வரிகளில், நேர்காணல்களில், புத்தகப் பின்னட்டைகளில் என்று திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது.

மூலத்தை முதலில் முடித்துவிடுவோம். ‘ட்ரை’ பழைய பிரெஞ்சின் ‘த்ரியே’ வழியாக வந்தது. பொறுக்கிப் பிரித்தெடுப்பது என்று பொருள். உண்மையையும் பொய்யையும் பிரித்தெடுக்கும் நீதிமன்ற விசாரணைக்கு ‘ட்ரையல்’ என்ற பெயர் வந்தது அந்த வழியில்தான். பிறகு சோதித்தல், அதன்பின் முயலுதல் என்று பொருள் விரிந்தது. ‘ஹேண்ட்’ இங்கே திறமை. கைதேர்ந்தவர் என்று நாம் சொல்லும்போது இருக்கிற அதே கை. ஆக, தொடரின் உட்பொருள்: ‘இந்த வேலை என் கைக்குச் சரிப்படுமா என்று சோதித்தல்’. சோதனைக்கு உள்ளாவது செய்பவரின் கை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தமிழுக்கு வருவோம். ‘அவனை ஒரு கை பார்க்கிறேன்’ என்றால் அங்கே ஓர் எதிரி இருக்கிறான். ‘வரட்டும், ஒரு கை பார்த்துவிடலாம்’ என்றால் சட்டைக்கை மடக்கப்படுகிறது. விருந்தில் ஒருவர் ‘ஒரு கை பார்த்தார்’ என்றால் இலை காலி. இந்த இடங்களில் எங்காவது தயக்கம் இருக்கிறதா? ‘எனக்கு வருமா, வராதா’ என்ற ஐயம் இருக்கிறதா? கிடையாது. எதிரில் இருப்பதைத் தீர்த்துக்கட்டும் உறுதிதான் இருக்கிறது. ஆங்கிலத் தொடரில் சோதனைக்கு உள்ளாவது தன் கை. தமிழ்த் தொடரில் அடிபடுவது அடுத்தவர். இரண்டிலும் கை இருக்கிறது என்பதற்காக ஒன்றின் இடத்தில் இன்னொன்றை உட்காரவைக்க முடியுமா?

‘கடினமான கணக்கைக்கூட ஒரு கை பார்க்கலாம் என்று சொல்கிறோமே’ என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். சொல்கிறோம். கணக்கை எதிரியாகப் பாவித்து அறைகூவும்போது சொல்கிறோம். அங்கேயும் ‘உன்னை விடமாட்டேன்’ என்கிற தொனி மாறவில்லை. ஓய்வுக்காலத்தில் கூச்சத்தோடு தூரிகையைத் தொட்டவரைப் பற்றி ‘ஓவியத்தையும் ஒரு கை பார்த்தார்’ என்று எழுதினால், கிழித்துப்போட்டாரோ என்றுதான் தோன்றும்.

இதைவிட மோசமானவையும் உண்டு. ‘கவிதையிலும் கைவரிசை காட்டினார்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கைவரிசை ஒரு காலத்தில் அடிமுறை வித்தையைக் குறித்திருக்கலாம். இன்றைய செய்தித்தாளில் கைவரிசை காட்டுபவர் பூட்டை உடைத்து உள்ளே போனவர். அடுத்தவர் கவிதையைத் திருடினார் என்ற பொருள் வராமல் போனால்தான் வியப்பு. ‘நடிப்பிலும் கைவைத்தார்’ என்பதற்கும் இதே கதிதான். கைவைப்பது பொதுப் பணத்தில், அல்லது அடுத்தவர் மேல். சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘தன் கையை முயற்சித்தார்’ என்று எழுதியவரிடமாவது ஒரு நேர்மை இருக்கிறது. தமிழ் தெரியாது என்பதை அவர் மறைக்கவில்லை.

‘முயற்சித்தார்’ என்றதும் இன்னொரு கோபமும் வந்துவிட்டது, சொல்லிவிடுகிறேன். முயல் என்பது வினை. அதிலிருந்து பிறந்த பெயர் முயற்சி. ‘முயற்சி திருவினை ஆக்கும்’ என்கிறது 616ஆம் குறள். அந்தப் பெயரின் வாலில் மறுபடியும் ‘-த்தான்’ ஒட்டி வினையாக்குவானேன்? மகிழ்ச்சித்தான், வளர்ச்சித்தான், புகழ்ச்சித்தான் என்று எழுதுகிறோமா? முயன்றான், முயல்கிறான், முயல்வான் என்று மூன்று காலமும் முழுசாக இருக்கின்றன. ‘முயல்’ என்று ஏவலில் சொன்னால் காட்டில் ஓடும் முயல் நினைவுக்கு வருகிறதாம். வந்தால் வரட்டுமே! ‘கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது’ என்று வள்ளுவர் பாடியதும் பெரிய முயற்சியைப் பற்றித்தான். அங்கே முயலும் வருகிறது, யானையும் வருகிறது, ஒருவரும் குழம்பவில்லை. பேச்சில் ‘முயற்சித்தேன்’ என்பவரை நான் திருத்துவதில்லை. எழுதிக் கூலி வாங்குகிறவரை விடமாட்டேன்.

சரி, பிறகு என்னதான் எழுதுவது? புதுச்சொல் ஆக்கவே தேவையில்லை. ‘பார்’ என்ற துணைவினை இருக்கிறது. எழுதிப் பார்த்தான், பாடிப் பார்த்தாள், கேட்டுப் பார். செய்து, விளைவைக் காண்பதே முயலுதல் என்ற எண்ணம் இந்தச் சொற்சேர்க்கைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. தெலுங்கில் ‘சேசி சூடு’, கன்னடத்தில் ‘மாடி நோடு’, மலையாளத்தில் ‘செய்து நோக்கு’. நமக்கு உறவில்லாத ஜப்பானியத்திலும் ‘ஷிதே மிரு’ என்று செய்துதான் பார்க்கிறார்கள்.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. ‘கதவைத் திறந்து பார்த்தான்’ என்றால் கதவு திறந்தது. ‘கதவைத் திறக்கப் பார்த்தான்’ என்றால் பெரும்பாலும் திறக்கவில்லை. முன்னது செய்து என்னும் வாய்பாட்டு எச்சம், பின்னது செய என்னும் வாய்பாடு. ‘ஏமாற்றப் பார்க்கிறாயா?’ என்று கேட்கும்போது இரண்டாவது வகை எவ்வளவு கூர்மையாக வேலை செய்கிறது பாருங்கள். ‘நாடகம் எழுதப் பார்த்தார்’ என்றால் எழுதி முடிக்கவில்லை. ‘நாடகம் எழுதிப் பார்த்தார்’ என்றால் எழுதினார், தேறியதா என்பது வேறு விஷயம். ஆங்கிலத் தொடருக்கு வேண்டியது இந்த ‘எழுதிப் பார்த்தார்’தான்.

‘அது அவருடைய வழக்கமான துறை இல்லை என்ற குறிப்பு விட்டுப்போகிறதே’ என்பீர்கள். அதற்கு ஓர் ‘உம்’ போதும். ‘நாடகமும் எழுதிப் பார்த்தார்.’ இரண்டெழுத்து இடைச்சொல் ஒன்று, வேறொரு துறையிலிருந்து வந்தவர் என்பதையும் கொஞ்சம் எட்டிப்பார்க்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. இப்படிப்பட்ட இடங்களில் பெரிய சொல்லாகத் தேடுகிற மொழிபெயர்ப்பாளர்கள் காலடியில் கிடக்கும் சின்ன உருபுகளையும் இடைச்சொற்களையும் மிதித்துக்கொண்டே போகிறார்கள். ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல் இருந்தால் தமிழிலும் அத்தனை சொல் இருக்க வேண்டும் என்ற கணக்கு எங்கிருந்து வந்ததோ.

இடத்துக்கு ஏற்ற வேறு சொற்களும் உண்டு. ஆபத்து கலந்த முயற்சியென்றால் விஷப்பரீட்சை. தேரோ கப்பலோ திட்டமோ, முழுவதுமாக இறங்கும் முன் ஓட்டிப் பார்ப்பது வெள்ளோட்டம். தயங்கித் தயங்கி நுழைந்தால் ஆழம் பார்த்தார் எனலாம். ‘கன்னி முயற்சி’ மட்டும் வேண்டாம். ‘முதல் முயற்சி’ என்றால் என்ன குறைந்துவிடும்?

கையை விடவே மனம் வராதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஒரு வித்தை நமக்குப் படிந்துவிட்டால் கைவந்தது என்கிறோம்; ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்ற ஔவை வாக்கும் அந்தக் கையைத்தான் சொல்கிறது. ஆகவே: “நாவல்களால் புகழ்பெற்ற அவர், நாடகமும் கைவருமா என்று பிற்காலத்தில் எழுதிப் பார்த்தார்.”