பரப்புக் கவர்தல்: உறிஞ்சுவது வேறு, பிடித்துவைப்பது வேறு

மழைக்காலத்தில் கல்லுப்பு காற்றின் ஈரத்தை இழுத்து நீர்த்துப்போகும். புதுச் செருப்புப் பெட்டிக்குள் கிடக்கும் சிலிக்கா ஜெல் மணிகளும் ஈரத்தைத்தான் இழுக்கின்றன, ஆனால் மணி மணியாகவே இருக்கின்றன. உப்பில் ஈரம் உள்ளே கலந்துவிட்டது. மணியில் நுண்துளைகளின் சுவரில் ஒட்டிக்கொண்டது. இந்த இரண்டாவது வேலைக்குப் பெயர்தான் அட்சார்ப்ஷன்.

ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிக் கைசர் 1881இல் இச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். யோசனை சொன்னவர் உடலியலாளர் டு புவா ரேமோன். லத்தீனில் 'சோர்பேரே' என்றால் உறிஞ்சுதல். அதற்கு முன்னால் 'நோக்கி, மேல்' என்னும் பொருள்தரும் 'ஆட்' சேர்ந்தது. உப்பில் நடந்ததுபோல் உள்ளே கலந்துவிடுவது அப்சார்ப்ஷன். அதற்கும் இதற்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடுபவர்களும் உண்டு!

இலங்கைப் பாடநூல்களில் இது புறத்துறிஞ்சல், அப்சார்ப்ஷன் அகத்துறிஞ்சல். ஜோடியாக நிற்பதால் குழப்பமே வராது. ஆனால் லத்தீனின் 'உறிஞ்சல்' அதில் அப்படியே வந்துவிட்டது. தமிழ்நாட்டுப் பாடநூலின் 'பரப்புக் கவர்தல்' நடப்பதை நேராகச் சொல்கிறது. என் ஓட்டு இதற்கே. காரணம், கந்தக டை ஆக்சைடு.

நிலக்கரி மின்நிலையப் புகையிலிருந்து இந்த வாயுவை நீக்க, சுண்ணாம்புக்கல் கலந்த நீரைத் தெளிப்பது பழைய வழி. வாயு நீரில் கரைந்து, கடைசியில் ஜிப்சமாகிறது. அது அகத்துறிஞ்சல். நுண்துளைப் பொருளால் பிடிப்பது வேறு கணக்கு. முதலில் இடம் வேண்டும்: ஒரு கிராம் செயலூட்டிய கரியின் உட்பரப்பு சுமார் 1000 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 25 சென்ட் நிலம். அப்புறம் பிடி. தளர்ந்திருந்தால் வாயு நழுவும். இறுகிவிட்டால் வெளியேற்ற நிறைய வெப்பம் செலவாகும், பொருளைத் திரும்பப் பயன்படுத்துவதும் சிரமம். புகையில் நீராவியும் இருப்பதால் அமிலம் உருவாகி, உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்துக் கட்டிய நுண்துளைப் பொருள்களான உலோக-கரிமச் சட்டகங்கள் பலவற்றைச் சிதைத்துவிடும்.

மான்செஸ்டர் பல்கலைக்கழகக் குழு 2019இல் அறிவித்த எம்எஃப்எம்-170 என்னும் உலோக-கரிமச் சட்டகம் இந்தச் சிக்கல்களைச் சமாளிப்பதற்கு நல்ல உதாரணம். அதிலுள்ள தாமிர அயனிகள் வாயுவைப் பிடிக்கின்றன, பிறகு விட்டும்விடுகின்றன. அறை வெப்பநிலையில், 1 பார் அழுத்தத்தில், ஒரு கிராம் சட்டகம் 17.5 மில்லிமோல் வாயுவைக் கவர்கிறது. எடைபோட்டால் அது சட்டகத்தின் எடையையே தாண்டும். நீரும் அமிலமும் அதைக் குலைப்பதில்லை.

சரி, கவரும் பொருளை எப்படிச் சொல்வது? 'உறிஞ்சி' வேண்டாம், 'பரப்புக் கவர்பொருள்' போதும்.