எருவில் படரும் பச்சைப் பூசணத்தைக் கொட்டிவிடாதீர்கள்

சென்ற ஆவணி மாதம், மாதவரம் பால்பண்ணைப் பக்கம் மாடித்தோட்டம் வைத்திருக்கும் ஓர் அம்மாள் என்னை அழைத்து, "சார், நீங்க சொன்ன மாதிரியே எருவுல பவுடரைக் கலந்து வச்சேன், பச்சையாப் பூசணம் புடிச்சிருச்சு, கொட்டிடட்டுமா?" என்று பதற்றத்துடன் கேட்டார். நேரில் சென்று ஈரச்சாக்கை விலக்கிப் பார்த்தபோது, தொழுவுரத்தின் மேல் வெள்ளை இழைகள் பின்னிப் படர்ந்து, அவற்றின் நடுவே பாசிப்பச்சை நிறத் திட்டுகள் தெரிந்தன. முகர்ந்தால் இலேசான தேங்காய் வாசனை. எரு கெடவில்லை. அவர் கலந்து வைத்த டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சாணம் நன்றாகப் பெருகி, தன் வித்துகளை உருவாக்கியிருந்தது. பதினைந்து நாள் நிழலில் வைத்துக் காத்து வளர்த்த பயிர்க்காவலைத்தான் அவர் குப்பையில் கொட்ட இருந்தார்.

வடசென்னையில் புழல், கொளத்தூர், மணலி எனப் பல இடங்களிலும் தோட்டக்காரர்கள் என்னிடம் கொண்டுவரும் முதல் குறை நாற்றழுகல்தான். வடகிழக்குப் பருவமழைக்கு முன் தக்காளி, மிளகாய், கத்தரி விதைகளைத் தூவுகிறார்கள். முளைத்த நாற்றுகள் மண் மட்டத்தில் தண்டு நீர்கோத்து, நூல்போல் இளைத்து, ஒரே இரவில் சாய்ந்துவிடுகின்றன. பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்வழிப் பூஞ்சாணங்களின் வேலை இது. ஈரம் வடியாத தொட்டியிலும் நெருக்கமாக விதைத்த தட்டிலும் அவை வேகமாகப் பரவும். சாய்ந்த நாற்றை எந்த மருந்தாலும் நிமிர்த்த முடியாது என்பதால், காவல் விதைப்புக்கு முன்பே மண்ணில் இருக்க வேண்டும்.

டிரைக்கோடெர்மா பிற பூஞ்சாணங்களைத் தாக்கி அழிக்கும் என்பதை 1932ஆம் ஆண்டிலேயே தாவரநோய் ஆய்வாளர் ரிச்சர்டு வெயின்ட்லிங் விளக்கியிருக்கிறார். அது நோய்ப்பூஞ்சாணத்தின் இழையைக் கொடிபோல் சுற்றிக்கொண்டு, அதன் செல்சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, உள்ளிருப்பதை உணவாக்கிக்கொள்கிறது. சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்னும் பாக்டீரியாவின் வழி வேறு: வேரைச் சுற்றிக் குடியேறி, மண்ணிலுள்ள இரும்புச்சத்தை நோய்க்கிருமிக்குக் கிடைக்காதபடி தன்வசம் இழுத்துக்கொள்வதோடு, பயிரின் சொந்த எதிர்ப்புத் திறனையும் தூண்டிவிடுகிறது. நெல்லில் குலைநோய்க்கும் இலையுறை கருகலுக்கும் இதைப் பரிந்துரைப்பது அதனால்தான்.

ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா என்றால் 4 கிராம், சூடோமோனாஸ் என்றால் 10 கிராம் கலந்து விதைநேர்த்தி செய்யலாம். ஆறிய வடிகஞ்சியில் விதையை இலேசாக நனைத்துக்கொண்டால் தூள் நன்றாக ஒட்டும். மண்ணுக்கு இடுவதற்கு, மாடித்தோட்டக்காரர்கள் நன்கு மட்கிய 10 கிலோ தொழுவுரத்தில் 100 கிராம் டிரைக்கோடெர்மாவைக் கலந்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு நீர் தெளித்து, ஈரச்சாக்கால் மூடி நிழலில் பதினைந்து நாள் வைத்தால் போதும். இடையில் ஒருமுறை கிளறிவிட வேண்டும். புது எருவில் சூடு ஏறும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள். தூளைக் கையாளும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்வதும், பிறகு கையைச் சோப்பால் கழுவுவதும் அவசியம்.

இவ்வளவு செய்தும் பலன் கிடைக்கவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது பாக்கெட்டைத்தான். செங்குன்றம் பக்கம் ஒரு கடையில், சித்திரை வெயிலில், தகரக் கூரைக்கு அடியில் மேல்தட்டில் இருந்த, டால்க் பவுடரில் கலந்து விற்கும் டிரைக்கோடெர்மா பாக்கெட்டை எனக்கே எடுத்துக் கொடுத்தார்கள். தொட்டால் கை சுட்டது, காலாவதித் தேதியும் கடந்திருந்தது. அதற்குள் இருந்த பூஞ்சாணம் செத்து, பெரும்பாலும் வெறும் டால்க் பவுடர்தான் மிஞ்சியிருக்கும். விவசாயி அதற்குக் காசு கொடுத்து, நாற்றையும் இழந்து, கடைசியில் உயிர் மருந்தே ஏமாற்று என்று முடிவுகட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை. தயாரித்த தேதியைப் பார்த்து, இரண்டு மூன்று மாதத்துக்கு உட்பட்டதாகக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த தவறு, பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று கார்பென்டாசிம் போன்ற இரசாயனப் பூஞ்சாணக்கொல்லியையும் அதே வாளியில் கரைப்பது. அது நோய்ப்பூஞ்சாணத்தோடு டிரைக்கோடெர்மாவையும் சேர்த்தே கொன்றுவிடும். இரண்டுக்கும் இடையே குறைந்தது பதினைந்து நாள் இடைவெளி வேண்டும். குளோரின் வாசனை அடிக்கும் லாரித் தண்ணீராக இருந்தால், ஒருநாள் திறந்த வாளியில் வைத்திருந்து பிறகு பயன்படுத்துங்கள்.

வெண்டையில் வரும் மஞ்சள் நரம்புத் தேமலுக்கு டிரைக்கோடெர்மாவையோ சூடோமோனாஸையோ ஊற்றிப் பயனில்லை; அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய். அடியில் துளையில்லாத பையில் தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறினாலும் எந்த நுண்ணுயிராலும் காப்பாற்ற முடியாது.

மாதவரம் அம்மாள் அந்த எருவைப் புரட்டாசி முதல் வாரத்தில் நாற்றுத்தட்டுகளின் தென்னை நார்க்கழிவோடு கலந்து, மிளகாய் விதைத்தார். எரு தீர்ந்துபோனதால் ஒரு தட்டுக்கு மட்டும் அதைக் கலக்கவில்லை. ஐப்பசி அடைமழை ஓய்ந்தபின் அவர் அனுப்பிய படத்தில், அந்த ஒரு தட்டில்தான் நாற்றுகள் ஓரத்திலிருந்து சாய்ந்துகிடந்தன.