எந்தப் புறநகருக்கு முதலில் ரயில்?

சென்னையைச் சுற்றியுள்ள ஓர் ஊரின் பெயர் மெட்ரோ அறிவிப்பில் வந்துவிட்டால் போதும், அடுத்த வாரமே மனை விளம்பரங்களில் அது ஏறிவிடும். தூண் எழும்பப் பல வருடம் ஆகும், நிலத்தின் விலை அதுவரை காத்திருக்காது, வாடகையும் காத்திருக்காது. அதனால், எந்தப் பக்கம் முதலில் பாதை போடுவது என்பது வெறும் பொறியியல் கேள்வி இல்லை. போக்குவரத்துத் திட்டமிடலில் பல காலமாக வேலை செய்பவன் என்ற முறையில், இந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது, எங்கே யார் விடுபடுகிறார்கள் என்பதைப் பொதுமக்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

மத்திய அரசின் 2017 மெட்ரோ ரயில் கொள்கைப்படி, ஒரு பாதைக்கு ஒப்புதல் வேண்டுமென்றால் அதன் பொருளாதார வருவாய் விகிதம் குறைந்தது 14 சதவீதம் இருக்க வேண்டும். டிக்கெட் வசூலை வைத்து மட்டும் இதைக் கணக்கிடுவதில்லை. மிச்சமாகும் எரிபொருள், குறையும் விபத்து, குறையும் புகை எல்லாம் இதில் சேரும். ஆனால் பெரும்பாலான திட்ட அறிக்கைகளில் பெரிய பங்கு பயணிகளுக்கு மிச்சமாகும் நேரம்தான். அந்த நேரத்துக்கு ரூபாயில் ஒரு மதிப்பு போடுவார்கள். பயணியின் வருமானத்தை வைத்தோ, அவர் இப்போது காரில் போகிறாரா பேருந்தில் போகிறாரா என்பதை வைத்தோ அந்த மதிப்பு அமையும்.

அதாவது, காரில் போகிறவரின் ஒரு மணி நேரம் பேருந்தில் நிற்பவரின் ஒரு மணி நேரத்தைவிட விலை கூடியது என்று கணக்கு சொல்கிறது. பெரும்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூவம், அடையாற்றங்கரைகளிலிருந்தும் நகரின் மற்ற பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருக்கின்றன. கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் அதற்கு முன்பே அப்படி உருவானவை. வீடு மாறியது, வேலை மாறவில்லை. மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த பெண்களில் பலர், போய்வர ஆகும் நேரத்தைத் தாங்க முடியாமல் வேலையையே விட்டார்கள். இங்கேதான் கணக்கின் பெரிய ஓட்டை இருக்கிறது: வேலையை விட்டவர் இன்றைக்குப் பயணியே இல்லை. சாலையோரம் நின்று எண்ணினால் அவர் எண்ணிக்கையில் வரமாட்டார். அவருக்கு மிச்சமாக நேரமும் இல்லை. பயணமே செய்ய முடியாத அளவுக்கு ஓர் ஊர் ஒதுங்கியிருந்தால், அங்கே தேவை குறைவு என்று அறிக்கை சொல்லிவிடும்.

இரண்டாம் கட்ட மெட்ரோவில் மாதவரம்–சோழிங்கநல்லூர் தடம் பெரும்பாக்கம் வழியாகப் போகிறது என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. 118.9 கி.மீ. நீளமுள்ள அந்தக் கட்டத்தின் மூன்று தடங்களில் என்னைக் கேட்டால் இதுதான் மிக முக்கியமானது. காரணம் பெரும்பாக்கம் மட்டும் இல்லை. 1931-ல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து நம்முடைய ரயில் பாதைகள் பெரும்பாலும் நகர மையத்தை நோக்கியே வருகின்றன. செங்கல்பட்டு, அரக்கோணம், கும்மிடிப்பூண்டி என மூன்று பக்கத்திலிருந்தும் உள்ளே வரலாம். ஆனால் இன்றைய வேலை உள்ளே மட்டும் இல்லை. கொளத்தூரில் குடியிருந்து போரூரில் வேலை, மடிப்பாக்கத்தில் வீடு, சோழிங்கநல்லூரில் வேலை என்று மக்கள் பக்கவாட்டில் போகிறார்கள். அவர்களுக்கு ரயில் இல்லை, இருப்பதெல்லாம் இரண்டு பேருந்தும் ஒரு ஷேர் ஆட்டோவும். இந்தத் தடம் அந்தப் பக்கவாட்டில்தான் போகிறது.

ஷேர் ஆட்டோ என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். களத்துக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது அவை நிற்கும் இடங்களைத்தான். அரசு கொடுக்காத சேவைக்குத் தன் கையிலிருந்து காசு கொடுத்து மக்கள் போகும் வழி அது. எந்தச் சந்திப்பில் எந்த நேரத்தில் எத்தனை வண்டி நிரம்பிக் கிளம்புகிறது என்று எண்ணினாலே, பயணத் தேவையைக் கணிக்கும் எந்தக் கணினிக் கணக்கும் சொல்லாத சில விஷயங்கள் தெரியும். அதேபோல் 2021-லிருந்து மகளிர் கட்டணமில்லாப் பயணத்துக்குப் பேருந்தில் சீட்டு கிழிக்கிறார்கள். தடம்வாரியாகப் பெண்கள் எங்கே, எப்போது போகிறார்கள் என்பதற்கு இவ்வளவு பெரிய தரவு முன்பு இருந்ததில்லை. வீட்டுக் கணக்கெடுப்பில் ஆண் வாய்திறந்தால் அலுவலகப் பயணம் மட்டும் பதிவாகும். பள்ளி, ரேஷன் கடை, மருத்துவமனை என்று பகலில் நடக்கும் சிறு பயணங்கள் விட்டுப்போகும். புறநகர் நிலையத்தை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய அந்தச் சீட்டுக் கணக்கைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

புதுப் பாதைக்குப் போகுமுன், இருக்கும் பாதையை முழுதாகப் பயன்படுத்தினோமா என்ற கேள்வி வர வேண்டும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியே புறநகர் ரயில் பாதை ஓடுகிறது. ஆனால் திறப்பு நாளில் அங்கே இறங்க நிலையம் இல்லை. மூட்டை முடிச்சோடு வருகிறவர்கள் வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி மறுபடி வண்டி பிடித்தார்கள். வேளச்சேரி–பரங்கிமலை பறக்கும் ரயில் இணைப்பு இன்னொன்று. 2007-ல் வேளச்சேரி வரை ரயில் வந்துவிட்டது. மீதி 5 கி.மீ.க்கு 2008-ல் தொடங்கிய வேலை, ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் அளவுக்கு நிலம் எடுக்க முடியாமல் ஆண்டுக்கணக்கில் நின்றது. பறக்கும் ரயில் நிலையங்கள் அவ்வளவு பெரிதாகக் கட்டப்பட்டும் வெறிச்சோடிக் கிடந்ததற்கு இந்த விடுபட்ட கண்ணி ஒரு காரணம், வாசலுக்குப் பேருந்து வராதது இன்னொரு காரணம். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஐந்து கிலோமீட்டர் சுற்றளவுக்கு இணைப்புச் சேவை திட்டமிட வேண்டும் என்று 2017 கொள்கையே கேட்கிறது. திட்ட அறிக்கையில் அந்த அத்தியாயம் பெரும்பாலும் மெலிந்துதான் இருக்கும்.

என் வரிசையைச் சொல்கிறேன், ஒப்புக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள். முதலில் விடுபட்ட கண்ணிகளும் விடுபட்ட நிலையங்களும், தாம்பரம்–செங்கல்பட்டுப் பாதையில் கூடுதல் தண்டவாளமும். கும்மிடிப்பூண்டிப் பக்கமும் இதே கணக்கில் வர வேண்டும். விரைவு ரயிலுக்கும் சரக்கு ரயிலுக்கும் வழிவிட்டு நிற்கும் புறநகர் வண்டியில் வடசென்னைத் தொழிலாளர்கள் இழக்கும் நேரத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அடுத்து கோயம்பேடு–பட்டாபிராம் மெட்ரோ தடம், குறிப்பாக அதன் முகப்பேர், அம்பத்தூர் எஸ்டேட் பகுதி. ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்கு ரயில் இருக்கிறது, ஆனால் எஸ்டேட் தொழிற்சாலை வாசலுக்கும் கோயம்பேட்டுக்கும் இல்லை. விமான நிலையம்–கிளாம்பாக்கம் மெட்ரோ அதற்குப் பின். 15.46 கி.மீ. தூரமும் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று ஏற்கெனவே ரயில் ஓடும் வழித்தடத்திலேயே அது போகிறது. அந்தச் சாலை நெரிசலில் திணறுகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஐந்து ரூபாய்க்குப் புறநகர் டிக்கெட் எடுப்பவருக்குத் தேவை அடிக்கடி வரும் வண்டி. பக்கத்திலேயே பத்து ரூபாயில் தொடங்கி ஏறும் கட்டணத்தில் இன்னொரு வண்டி வருவது அவருக்கு இரண்டாம் பட்சம்தான்.

பூந்தமல்லி–பரந்தூர் மெட்ரோ கடைசியில் வர வேண்டும். பரந்தூரில் விமான நிலையம் இன்னும் வரவில்லை, கிராம மக்களின் எதிர்ப்பும் தீரவில்லை. இடையில் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வரை தொழிற்சாலைகள் இருப்பது உண்மைதான், அவற்றின் தொழிலாளர்களுக்காக அந்தப் பகுதி வரை தனியாக யோசிக்கலாம். மற்றபடி இனிமேல் வரப்போகிற மக்களுக்காக இப்போது பாதை போட்டால், ஏற்கெனவே வந்து நிற்கிற மக்கள் இன்னும் பத்தாண்டு நிற்க வேண்டிவரும். நிலத்தை மட்டும் இப்போதே ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது, இல்லையென்றால் கட்டடங்கள் எழுந்த பிறகு ஆதம்பாக்கத்தில் நடந்தது அங்கேயும் நடக்கும்.

இன்னொரு சிக்கல், மக்கள்தொகைக்கு நம் கையில் இருப்பது 2011 கணக்கெடுப்புதான். மேடவாக்கம், படப்பை, குன்றத்தூர், திருநின்றவூரெல்லாம் அதன் பிறகுதான் நிறைந்தன. மின் இணைப்பு எண்ணிக்கை, பள்ளிச் சேர்க்கை, குடும்ப அட்டை ஆகியவற்றை வைத்து இன்றைய நிலையை ஓரளவு சரியாக மதிப்பிட முடியும். அப்படி மதிப்பிட்டார்களா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

நகரம் இனி எப்படி வளர வேண்டும் என்று வகுக்கும் சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டத்துக்கும் புதிய தடங்களின் அறிக்கைகளுக்கும் கருத்து கேட்கும்போது, "எங்கள் ஊருக்கும் மெட்ரோ வேண்டும்" என்று மட்டும் எழுதினால் அது கோப்பில் போய் உட்கார்ந்துவிடும். காலை ஷிப்டுக்கு எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், எத்தனை வண்டி மாறுகிறீர்கள், மாதம் எவ்வளவு செலவு, இரவு கடைசிப் பேருந்து எப்போது, யார் இதனால் வேலையை விட்டார்கள் என்று எழுதுங்கள். குடியிருப்போர் சங்கமாகச் சேர்ந்து ஒரு வாரம் எண்ணி, தெருப் பெயரோடும் நேரத்தோடும் கொடுங்கள். திட்டம் போடுகிறவர்கள் மேஜையில் அப்படிப்பட்ட தாள்கள் மிகக் குறைவாகவே வருகின்றன. வந்தவற்றை நாங்கள் வரைபடத்தில் குறித்துவைத்து விவாதித்திருக்கிறோம்.