இசிஎம் சரியானது, கியர் ஏன் விழவில்லை?

மழைக்காலம் முடிந்து இரண்டு மாதங்கள் வரை எங்கள் பட்டறைக்கு ஒரே சாயலில் வண்டிகள் வந்துகொண்டிருக்கும். காருக்குள் தண்ணீர் புகுந்து, இசிஎம் எனப்படும் இன்ஜின் கம்ப்யூட்டர் பழுதாகியிருக்கும். உரிமையாளர் அதை எங்கோ கொடுத்துப் போர்டைச் சுத்தம் செய்து, கருகிய ஐசியை மாற்றி, திரும்பப் பொருத்தியிருப்பார். இன்ஜின் முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆகும். ஆனால் தெருமுனை தாண்டியதும் ஆட்டோமேட்டிக் கியர் மூன்றிலேயே நின்றுவிடும், அல்லது லீவரை டி-க்குத் தள்ளும்போது பின்னாலிருந்து யாரோ இடித்ததுபோல் வண்டி குலுங்கும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் சென்னையில் இப்படிப்பட்ட வண்டிகளை வரிசையாகப் பார்த்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர், “கியர்பாக்ஸ் போயிடுச்சாம் சார், ஒண்ணேகால் லட்சம் ஆகுமாம்” என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே நுழைவார்கள்.

இசிஎம் பழுதாகும் நாள்வரை ஒழுங்காக வேலை செய்த கியர்பாக்ஸ், அது திரும்பி வந்த வாரத்திலேயே தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். தண்ணீர் கியர்பாக்ஸுக்குள்ளும் இறங்கியிருந்தால் கதை வேறு. அதை ஆயிலின் நிறமே காட்டிவிடும், பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கும். ஆயில் சுத்தமாக இருக்கிறது, குறை மட்டும் இசிஎம் வேலைக்குப் பிறகு தொடங்கியது என்றால், கியர்பாக்ஸைக் கீழே இறக்குவதற்கு முன் அந்த வேலையைத்தான் மறுபடி சோதிக்க வேண்டும்.

இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் கியருக்கும் என்ன தொடர்பு என்று பலர் கேட்கிறார்கள். கியரை இயக்குவது டிசிஎம் என்ற வேறொரு கம்ப்யூட்டர். சில வண்டிகளில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். எந்த நேரத்தில் எந்தக் கியர், எவ்வளவு ஆயில் அழுத்தம் என்பதைத் தீர்மானிக்க, இன்ஜின் இப்போது எவ்வளவு டார்க் (சுழற்றும் முறுக்குவிசை) தருகிறது, ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்ற விவரங்கள் டிசிஎம்முக்கு வேண்டும். அவற்றை இசிஎம்தான் கொடுக்கிறது. கியர் மாறும் அந்தக் கணத்தில் டிசிஎம் திரும்பி இசிஎம்மிடம், “கொஞ்சம் டார்க்கைக் குறை” என்று கேட்கும். இசிஎம் இக்னிஷன் டைமிங்கைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக் கொடுக்கும். கியர் மாறியதே தெரியாமல் வண்டி ஓடுவது இந்தக் கொடுக்கல் வாங்கலால்தான். இது நடப்பது முறுக்கிய இரண்டே வயர்களில், 1986-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேன் என்ற முறையில். பேச்சு அறுந்தால் டிசிஎம் ஊகத்தில் கியர் மாற்றாது. கியர்பாக்ஸின் ஆயில் வழிகளைத் திறந்து மூடும் மின்வால்வுகளான சோலினாய்டுகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பெரும்பாலும் மூன்றாவது போன்ற ஒரே கியரில் வண்டியை நிறுத்தி வைக்கும். லிம்ப் மோட் என்பது இதுதான். அது கியர்பாக்ஸின் சாவு மணி அன்று, தற்காப்பு.

சென்ற ஆண்டு வந்த ஒரு பெட்ரோல் காரைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். காலையில் எடுத்தால் நன்றாக ஓடும், இருபது நிமிடம் ஓடிச் சூடானதும் மூன்றாவது கியரில் நின்றுவிடும், அணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் மீண்டும் கொஞ்ச தூரம் சரியாகப் போகும் என்பது குறை. முன்பு பார்த்தவர் கைக்கடக்கமான சிறிய ஸ்கேனரைப் போட்டு, பி0700 என்ற கோடு, அதாவது பழுதுக் குறியீடு, வந்ததால் கியர்பாக்ஸ் பழுது என்று எழுதிக் கொடுத்திருந்தார். உண்மையில் பி0700 எந்தப் பழுதையும் சொல்வதில்லை. “டிசிஎம்மில் ஏதோ பதிவாகியிருக்கிறது, அங்கே போய்ப் பார்” என்று இசிஎம் கைகாட்டுவது மட்டுமே அது. டிசிஎம்முக்குள் நுழையத் தெரிந்த ஸ்கேனரைப் போட்டதும் உள்ளே இருந்தது யு0100, அதாவது இசிஎம்முடன் தொடர்பு அறுந்தது என்ற பதிவு. கியர் வேகச் சென்சார் பற்றியோ, கியர் விகிதம் தவறியது பற்றியோ ஒரு கோடு கூட இல்லை.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஸ்கேனர் மாட்டும் பதினாறு பின் ஓபிடி கப்ளரில் 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் இடையே மீட்டரை வைத்தேன். கேன் வயரின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருப்பதால், இரண்டும் சேர்ந்து சுமார் 60 ஓம் காட்ட வேண்டும், 60-தான் காட்டியது. (இடையில் கேட்வே என்ற தகவல் கடத்தும் கம்ப்யூட்டர் இருக்கும் சில புதிய வண்டிகளில் இந்த அளவு மாறும், அந்த வண்டியின் வரைபடத்தைப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.) இங்கேயே நிறுத்தியிருந்தால் நானும் தவறியிருப்பேன். உதவிக்கு இருந்த தம்பியை இசிஎம் கப்ளரின் வயர் கொத்தை மெதுவாக அசைக்கச் சொன்னேன். மீட்டர் 60-லிருந்து 120-க்குத் தாவியது, விட்டதும் 60-க்கு வந்தது. அந்த வண்டியில் ஒரு ரெசிஸ்டர் இசிஎம்முக்குள்ளேயே இருப்பதால், 120 காட்டும் ஒவ்வொரு முறையும் இசிஎம் வயரிலிருந்து கழன்றுகொள்கிறது என்று பொருள்.

கப்ளரைக் கழற்றி, பூதக்கண்ணாடியில் பார்த்தபோது காரணம் கண்ணில் பட்டது. கேன் வயருக்கான பெண் டெர்மினலின், அதாவது பின்னைக் கவ்விப் பிடிக்கும் உலோக முனையின், இரண்டு இதழ்களும் மலர்ந்து விரிந்திருந்தன. இசிஎம்மைக் கழற்றிய நாளில் யாரோ மீட்டரின் தடித்த முனையையோ ஊசியையோ அந்தச் சின்ன ஓட்டைக்குள் திணித்து மின்சாரம் பார்த்திருக்கிறார். குளிர்ந்திருக்கும்போது தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விரிந்ததும் விட்டுவிடும். அதே அளவுள்ள ஆண் பின் ஒன்றை அதற்குள் நுழைத்து இழுத்தால் லேசான பிடிப்பு தெரிய வேண்டும். இதில் எண்ணெய் போட்டதுபோல் வழுக்கி வெளியே வந்தது. பக்கத்து டெர்மினல்கள் சரியாகப் பிடித்தன. டெர்மினலை மாற்றியதற்கு ஆன பொருட்செலவு ஒரு சாப்பாட்டு விலைகூட இல்லை. கப்ளருக்குள் முன்பக்கமாக எதையும் திணிக்காதீர்கள், வயர் பக்கமிருந்து மெல்லிய முனையால் தொடுங்கள் என்று எங்கள் பையன்களிடம் நான் ஓயாமல் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அதோடு வேலை முடியவில்லை. லிம்ப் மோட் போனது, ஆனால் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது ஒரு வெட்டு மிச்சமிருந்தது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தன் கிளட்சுகளின் தேய்மானத்துக்கு ஏற்ப அழுத்தத்தைச் சிறுகச் சிறுகத் திருத்திக் கற்றுக்கொள்ளும். வாரக்கணக்கில் அரைகுறை டார்க் தகவலோடு ஓடியதால் இது தவறாகக் கற்றிருந்தது. ஸ்கேனரில் பழைய கற்றலை அழித்து, இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டிலின் ஐடில் அளவையும் புதிதாகக் கற்பித்து, பிறகு சாலையில் ஓட்டினோம். ஆயில் வெப்பநிலை குறிப்பிட்ட வரம்புக்குள் வந்தபின்தான் கற்றல் தொடங்கும் என்பதால், ஸ்கேனரில் அதைப் பார்த்துக்கொண்டே, ஆக்ஸிலரேட்டரை மென்மையாகவும் ஒரே சீராகவும் மிதித்து மேலே வரை கியரை ஏற்றுவது, பிரேக்கைத் தேய்க்காமல் படிப்படியாக நிறுத்துவது என்று திரும்பத் திரும்பச் செய்தோம். முதல் ஐந்தாறு சுற்றுகளில் மாற்றமே இல்லை. பதினைந்தாவது சுற்றுக்கு மேல் வெட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. கற்றல் முறை ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒவ்வொரு விதம், தயாரிப்பாளர் சொன்ன முறையைப் பின்பற்றுவதே சரி. பழுதுக் குறியீட்டை அழித்துவிட்டு உடனே சாவியைக் கையில் கொடுத்து அனுப்புகிறவர்கள் இந்தப் பகுதியைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு வகைத் தவறு பழைய பொருள் வாங்குவதில் நேர்கிறது. புதுப்பேட்டை போன்ற இடங்களில் அதே மாடல் காரின் இசிஎம் கிடைத்துவிடும், கப்ளரும் பொருந்தும். ஆனால் அது கைக் கியர் வண்டியிலிருந்து எடுத்ததாக இருந்தால், இன்ஜின் ஓடும், டிசிஎம் கேட்கும் டார்க் குறைப்புக்கு மட்டும் பதில் வராது, ஒவ்வொரு கியர் மாற்றமும் உதைக்கும். வெளியே ஒட்டியிருக்கும் பார்ட் எண்ணின் கடைசி எழுத்துகளையும், உள்ளே இருக்கும் சாஃப்ட்வேர் எண்ணையும் பழைய இசிஎம்மோடு ஒப்பிட்டு, வண்டி எந்த ரகம் என்று சொல்லும் வேரியன்ட் கோடிங்கைச் சரியாக எழுதினால்தான் அது அந்த வண்டிக்கு உரியதாகும். பழைய போர்டின் மெமரி உயிரோடு இருந்தால் அதை முழுமையாகப் படித்து மாற்றுப் போர்டில் எழுதுவது என் பார்வையில் நல்ல வழி. சாவியை அடையாளம் காணாவிட்டால் இன்ஜினை ஓடவிடாத இம்மொபிலைசரின் சிக்கலும் அதிலேயே தீரும். எழுதும்போது பேட்டரிக்குத் துணையாக நிலையான மின்சாரம் தரும் சப்ளையை இணைத்திருக்க வேண்டும். நடுவில் வோல்ட்டேஜ் சரிந்தால் பாதி எழுதிய மெமரியோடு போர்டு நின்றுவிடும்.

போர்டு ஏன் கருகியது என்று யாராவது கேட்டார்களா என்பதை நான் எப்போதும் விசாரிப்பேன். இசிஎம்மும் டிசிஎம்மும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் வண்டிகளில், கியர் சோலினாய்டு ஷார்ட் ஆகி அதை இயக்கும் டிரான்சிஸ்டரை எரித்திருக்கலாம். டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றிப் பொருத்தினால், சில நாளில் அதுவும் எரியும். சோலினாய்டுகளின் ரெசிஸ்டன்ஸை கியர்பாக்ஸ் கப்ளரில் ஒவ்வொன்றாக அளந்து, தயாரிப்பாளர் தந்த அளவோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் போர்டைப் பொருத்த வேண்டும். கியர்பாக்ஸுக்கு வெளியே எலி கடித்த வயர்கள் இன்னொரு காரணம். நம் ஊரில் காரை மூன்று நாள் நிறுத்தி வைத்தாலே போதும்.

எர்த் இணைப்பையும் மறக்கலாகாது. போர்டு ரிப்பேருக்காகக் கழற்றிய எர்த் போல்ட்டைத் துருவோடோ பெயின்ட்டோடோ திருப்பி முடுக்கியிருப்பார்கள். ஓம் மீட்டரில் அது நல்லபடியே தெரியும், சுமை ஏறும்போதுதான் காட்டிக்கொடுக்கும். இன்ஜின் ஓட, ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடிச் சூடேற்றி எல்லாவற்றையும் போட்டுவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இசிஎம்மின் எர்த் வயருக்கும் இடையே வோல்ட்டேஜைப் பாருங்கள், 0.1 வோல்ட்டுக்கு மேல் போனால் அந்த வழியில் எங்கோ தடை இருக்கிறது. அரை வோல்ட் காட்டிய ஒரு வண்டியில், சென்சார் அளவுகள் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் பொய் சொல்லிக்கொண்டிருந்தன.

கிளட்ச் பெடல் இல்லாத ஏஎம்டி கார்களில் கதை சற்று வேறு. அங்கே இருப்பது வழக்கமான கைக் கியர்பாக்ஸ்தான், கிளட்சை அழுத்துவதும் கியரைத் தள்ளுவதும் மட்டும் இயந்திரம் செய்கிறது. கியர் கம்ப்யூட்டரை மாற்றினாலோ அதன் மெமரி போனாலோ, கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கத் தொடங்குகிறது என்ற அளவையும் அது மறந்துவிடும். கற்பிக்காமல் ஓட்டினால் வண்டி நகரும்போது நடுங்கும், கிளட்ச் வாசனையும் வரும். ஹைட்ராலிக் வகையில் ஓட்டுநர் கதவைத் திறந்ததும் ஒரு சிறிய பம்ப் மோட்டாரின் ஓசை கேட்கும். ரிப்பேருக்குப் பிறகு அந்த ஓசை வரவில்லை என்றால் பம்புக்கு மின்சாரம் போகிறதா என்பதிலிருந்து தொடங்குங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்து, டிசிஎம்மில் பி0730 போன்ற கியர் விகிதக் கோடு திரும்பத் திரும்ப வந்து, ஆயில் கருத்துத் தீய்ந்த நாற்றம் அடித்து, மீட்டரில் பார்க்கும் ஆயில் அழுத்தமும் குறைவாக இருந்தால், கியர்பாக்ஸைத் திறக்கத்தான் வேண்டும். அப்போதும் கோடுகளை அழிப்பதற்கு முன் எடுத்த ஸ்கேனர் பதிவையும், அளந்த எண்களையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் வருகிறவர்கள் கொண்டுவரும் பழைய பில்களில் “கியர்பாக்ஸ் செக்கப்” என்ற ஒரு வரியும் தொகையும்தான் இருக்கின்றன. எதை அளந்தார்கள், எவ்வளவு காட்டியது என்பது இருப்பதில்லை.